தூரத்து உத்தியோகம்

அரக்கோணத்தில் பிறந்து, அரக்கோணத்திலேயே விவாகம் செய்துகொண்டு, அவ்வூர் அரிசி மண்டி ஒன்றில் கணக்கு எழுதிக் காலட்சேபம் செய்துகொண்டிருந்த எனக்கு, சென்னைப் பாரிமுனையிலுள்ள ஒரு வர்த்தக ஸ்தாபனத்தார், மண்டிச் சம்பளத்தைப் போல் ஏறக்குறைய இரு பங்கு தருவதாகவும், சம்மதம் உண்டா இல்லையா என்பதை ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்றும் கடிதம் எழுதியிருந்தார்கள். சம்பளம், படி, விடுமுறை, தீபாவளிப் போனஸ், நான் எந்தெந்தக் குற்றங்களைச் செய்தால் வேலையிலிருந்து நீக்கப்படுவேன் என்பன யாவும் அக்கடிதத்தில் விஸ்தாரமாக எழுதப்பட்டிருந்தன. எனக்கும் அவர்களுக்கும் இடையே சுமார் 69 கிலோமீட்டர் கிடக்கிறது என்ற அற்ப விஷயம் மட்டும் பிரஸ்தாபிக்கப்படவில்லை.

சென்னைக்கே குடிபோய்விடுவதுதானே என்று சுலபமாகக் கேட்கிறவர்கள் சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களாக இருக்க மாட்டார்கள். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கிக்கொள்வது அந்நகரத்து வீட்டுக்காரர்களிடையே வேதம்போல வழங்கிவரும் சம்பிரதாயம். அதைக் கொடுத்து முடித்தவனுக்கு உத்தியோகம் அவசியம் என்பது உறுதிப்படுமே தவிர, உத்தியோகத்தால் லாபம் உண்டு என்பது உறுதிப்படாது. இரண்டுக்கும் நடுவே, வேப்பம்பட்டிலோ திருநின்றவூரிலோ ஒரு மனை வாங்கிப் போடலாமென்று யோசனை சொன்னவர்களும் உண்டு. 'ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிஷம்' என்று அம்மனைகளுக்கு விளம்பரம் செய்கிறார்கள். நான் ஒன்றிரண்டைப் போய்ப் பார்த்ததில், அந்தப் பத்து நிமிஷம் என்பது, தரகருடைய மோட்டார் சைக்கிளில், மழை பெய்யாத மாதத்தில், லெவல் கிராஸிங் திறந்திருக்கும் சுபவேளையில் ஆகிற பத்து நிமிஷம் என்று தெரிந்துகொண்டேன். அரக்கோணத்திலோ, தகப்பனார் வைத்துவிட்டுப் போன ஓட்டு வீடும் கிணறும் முருங்கை மரமும் இருக்கின்றன. ஆகையால் வீடு நகராது, உத்தியோகமும் நகராது, நகர வேண்டியவன் நான் ஒருவனே என்பது வரையில் சந்தேகமில்லை. நகரலாமா, கூடாதா என்பதுதான் பிரச்னை.

கணக்கன் ஆனபடியால் ஒரு முழுத் தாளை எடுத்து, நடுவே கோடு கிழித்து, வரவு என்றும் செலவு என்றும் எழுதினேன். வரவுப் பக்கம் சம்பளம் கம்பீரமாக உட்கார்ந்துகொண்டது. செலவுப் பக்கத்தில் சீசன் டிக்கெட்டை எழுதியபோது, இவ்வளவு சொற்பத் தொகைக்கு இவ்வளவு தூரம் ஒரு மனிதனை மாதம் முழுவதும் கொண்டுபோய்க் கொண்டுவந்து விடுகிற ரயில்வேக்காரர்கள் மீது எனக்கு இரக்கமே உண்டாயிற்று. 150 கிலோமீட்டர் வரையில் சீசன் கொடுக்கிறார்கள். அதை நம்பி, 130 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காட்பாடியிலிருந்து தினமும் சென்னைக்குப் போய்வருகிற தீரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் என் 69 கிலோமீட்டரைத் தூரமென்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் அதற்கு அடுத்த வரியில் 'நேரம்' என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசலுக்குப் போக இரண்டு மணி, வர இரண்டு மணி, ஆக நாளொன்றுக்கு நான்கு மணிக்குக் குறையாது. இந்த நான்கு மணிக்கு விலை போடுவது எவ்விதம்? மண்டிச் சம்பள விகிதத்திலா, புதுச் சம்பள விகிதத்திலா? புது விகிதத்தில் போட்டால், நான் பிரயாணம் செய்யச் செய்ய என் நேரத்தின் மதிப்பு உயர்ந்து, பிரயாணம் செய்வது அதிக நஷ்டமாகிவிடுகிறது. ரயிலில் தூங்கிவிட்டால் அதை நஷ்டத்தில் சேர்ப்பதா, அல்லது இராத்திரித் தூக்கத்தின் கணக்கில் வரவு வைப்பதா? இருபது வருஷம் மண்டிக் கணக்கு எழுதிய எனக்கு இதற்கு விடை அகப்படவில்லை.

என் தமக்கை பிள்ளை ஒருவன், எதற்கும் கைப்பேசியைத் தடவி விடை கொணர்கிறவன், இவ்விஷயத்தில் பண்டிதர்கள் சொல்லியிருப்பதைத் தேடி வாசித்துக் காட்டினான். 1994-ல் சீஸரே மார்க்கெட்டி என்ற இத்தாலியப் பௌதிக சாஸ்திரி எழுதியிருக்கிறாராம்: மனிதன் கால்நடையாகத் திரிந்த காலந்தொட்டு மோட்டார் யுகம் வரையில், நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரத்தையே பிரயாணத்துக்கு ஒதுக்கி வந்திருக்கிறான், வாகனத்தின் வேகம் கூடினால், மிஞ்சிய நேரத்தில் வீட்டில் உட்காருவதில்லை, இன்னும் கொஞ்சம் தூரம் போகிறான். அப்படியானால், என் பங்கு ஒரு மணி போக, பூலோகத்தில் எங்கோ வீட்டை விட்டு நகராமல் இருக்கிற மூன்று பேருடைய பங்கையும் சேர்த்து நானே பிரயாணம் செய்யப்போகிறேன் என்று ஆயிற்று. புரூனோ ஃப்ரை, அலாய்ஸ் ஸ்டட்ஸர் என்ற சுவிஸ் பொருளாதார நிபுணர்கள் இருவர் இன்னும் நேராகவே சொல்லிவிட்டார்கள். தூரத்திலிருந்து வேலைக்குப் போகிறவனுக்கு அந்தக் கஷ்டம் அதிகச் சம்பளத்தாலோ மலிவான வீட்டாலோ ஈடுகட்டப்பட்டுவிடும் என்பது பொருளாதார சாஸ்திரத்தின் நம்பிக்கை. ஜெர்மானியர்களிடம் எடுத்த கணக்கைப் பரிசோதித்ததில், ஈடு ஆகவில்லை, தூரம் கூடக்கூட மன நிறைவு குறைந்துகொண்டே போகிறது என்று கண்டார்களாம். பையன் இதை வாசித்துவிட்டு, தான் ஏதோ எனக்கு உபகாரம் செய்துவிட்டவனைப் போல என் முகத்தைப் பார்த்தான்.

"ஜெர்மன்காரனுக்கு அரக்கோணம் வண்டியைப் பற்றி என்ன தெரியும்?" என்று அதை ஒரே வாக்கியத்தில் தள்ளுபடி செய்தவர் என் மனைவியின் தாய்மாமன். வாழ்நாளெல்லாம் சென்னை உத்தியோகத்துக்கு இவ்வழியில் போய்வந்து ஓய்வு பெற்றவர். சீசன் டிக்கெட் என்பதைத் தபாலாபீஸில் விற்கும் கங்கா ஜலத்துக்குச் சமானமாகக் கருதுகிறவர். "மாப்பிள்ளை, நம்ம லைன் கிழக்கு மேற்கா ஓடுது. காலையிலே போறப்போ சூரியன் எதிரே. சாயங்காலம் வர்றப்போ மறுபடியும் சூரியன் எதிரே. ரெண்டு வேளை சூரிய தரிசனம் எந்த உத்தியோகத்திலே கிடைக்கும்?" என்றார். கண் கூசுமே என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வழியில் திருவாலங்காடு வருவதை நினைவூட்டி, "காரைக்கால் அம்மையார் தலையாலேயே நடந்து கைலாசத்துக்குப் போகலையா? நீங்க உட்கார்ந்துகிட்டுப் போறதுக்கு யோசிக்கிறீங்களே" என்று முடித்தார்.

அடுப்பங்கரையிலிருந்து பதில் வந்தது: "அம்மையார் ஒரு தடவை போனாங்க, மாமா. அப்புறம் திருவாலங்காட்டுக்கு வந்து அங்கேயே இருந்துட்டாங்க. தினம் போய் வரலையே."

பெரிய புராணத்தை இந்தக் கோணத்திலிருந்து ஆராய்ந்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வாக்குவாதம் ஓய, பரீட்சார்த்தமாக ஒரு நாள் போய் வருவதென்று தீர்மானமாகி, மாமா தாமே வழிகாட்டியாக உடன் வந்தார். வண்டி அரக்கோணத்திலேயே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும் என்று நம்பி ஏறினேன். இருக்கைகளில் மனிதர் இல்லை என்பது மெய். ஆனால் கைக்குட்டை, தினசரிப் பத்திரிகை, சாப்பாட்டுப் பை ஆகியவை ஜன்னல் வழியே முன்னதாகவே பிரவேசித்து, தத்தம் எஜமானர்களின் பிரதிநிதிகளாக அமர்ந்திருந்தன. மாமாவின் பழைய ஜன்னலோர ஆசனத்தில் காதில் ஒயர் மாட்டிய ஓர் இளைஞன் உறங்கிக்கொண்டிருந்தான். மாமா அவன் எதிரே நின்று இருமிப் பார்த்தார். அந்த இருமலுக்கு ஒரு காலத்தில் அந்தப் பெட்டியே எழுந்து இடம் விட்டிருக்கும் என்று எனக்குப் பிறகு தெரிவிக்கப்பட்டது.

மணவூர் தாண்டுமுன் நால்வர் முழங்கால்கள் மீது ஒரு பையை வைத்து, அதன்மேல் துண்டை விரித்து, சீட்டுப் போட்டுவிட்டார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கவில்லை, "மோசூரு, இறக்குய்யா," "கடம்பத்தூர் இன்னிக்கு லீவா?" என்று ஊர்களே சீட்டாடின. எதிரே ஓர் அம்மாள் மடியில் முறத்தை வைத்துச் சின்ன வெங்காயம் உரிக்க, அவருடைய சாம்பாருக்காக ஜாதி மத பேதமின்றி நாங்கள் எல்லோரும் கண்ணீர் வடித்தோம். திருநின்றவூரில், பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கல் மேல் கல் அடுக்கிக் கோயில் கட்டிய கதையை மாமா தொடங்கினார். பல்லவ மன்னன் காஞ்சியில் கட்டிய கற்றளிக்கு வைத்திருந்த நாளை, பூசலார் கோயில் குடமுழுக்கை உத்தேசித்து, வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளும்படி சிவபெருமானே கனவில் சொன்ன விருத்தாந்தம் அது. என் பக்கத்திலிருந்த குமாஸ்தா அதைக் கேட்டுத் தலையசைத்தார். அவரும் அவ்வழியில் ஒரு மனையில் மனத்துக்குள் வீடு கட்டுகிறவர்தாம். அஸ்திவாரம், சுவர் எல்லாம் இதே வண்டியில் முடிந்து, மாடிப்படி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற விஷயத்தில் வேலை தடைப்பட்டிருந்தது. செங்கல் இன்னும் வாங்கவில்லை.

1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணி சமுதாயமே லட்சியம் என்று தீர்மானித்தது ஆவடியில்தான். அத்தீர்மானம் தேசத்தில் எவ்வளவு தூரம் நிறைவேறிற்று என்பது விவாதத்துக்குரியது. ஆவடி நிலையத்தில் அன்றாடம் காலையில் நிறைவேறுவதை நான் கண்ணாரக் கண்டேன். மூவர் அமரும் இருக்கையை நோக்கி நான்காவது ஆசாமி ஒருவர் வந்து, "கொஞ்சம் தள்ளுங்க சார்" என்ற மந்திரத்தை உச்சரிக்கிறார். உள்ளவர்கள் மூவரும் ஆளுக்குச் சில அங்குலம் துறக்கிறார்கள். இல்லாதவர் அமர்ந்து, அடுத்த கணத்திலேயே உள்ளவராகி, ஐந்தாவது ஆசாமியை முறைக்கிறார். புரட்சியின் சரித்திரம் முழுவதும் ஆவடிக்கும் அண்ணனூருக்கும் இடையே முடிந்துவிடுகிறது.

இவ்வளவு வரையில் எனக்கு மனத்தாங்கல் ஒன்றுமில்லை. உத்தியோகத்தை ஒப்புக்கொள்வதென்றுகூட ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். அப்பொழுது பேசின் பிரிட்ஜ் வந்தது. வந்தது என்பதைவிட, வந்து நின்றது என்பதே பொருந்தும். அங்கிருந்து சென்ட்ரல் இரண்டு கிலோமீட்டர் தூரந்தான். ஆனால் பல திசைகளிலிருந்து வரும் வண்டிகள் அனைத்தும் அந்தக் குறுகிய கழுத்து வழியே நுழைந்தாக வேண்டியிருப்பதால், பிளாட்பாரம் காலியாகும் வரை ஒவ்வொன்றாக நிறுத்திவைக்கிறார்கள். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. திரும்பி வந்த வண்டிகளில் ஒன்று இன்னமும் அவ்விடத்தில் சிக்னலுக்காகக் காத்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். சீட்டாட்டக்காரர்கள் கணக்குத் தீர்த்துவிட்டார்கள், வெங்காயம் தீர்ந்துவிட்டது, எல்லோரும் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேசுவதற்கு ஒன்றுமில்லாமல், நின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். 67 கிலோமீட்டரில் சிநேகிதர்களாக இருந்தவர்கள் கடைசி இரண்டு கிலோமீட்டரில் அந்நியர்கள் ஆகிவிட்டார்கள். தூரத்தை ஒரே இனமாகக் கணக்கில் எழுதியது தவறான முறை என்றும், இந்த இரண்டு கிலோமீட்டரைத் தனி இனமாகப் பிரித்து, சாமான்ய விகிதத்தைப்போல் பத்து மடங்கு போட வேண்டும் என்றும் அங்கே நின்றுகொண்டே நிர்ணயித்தேன்.

இரவு வீடு திரும்பி, திருத்திய கணக்கைச் சகதர்மிணியிடம் காட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதிலே என்னைக் காணோமே" என்றாள். நீ வேலைக்குப் போகவில்லையே என்றேன். அவள் பென்சிலை வாங்கிச் செலவுப் பக்கத்தின் அடியில் எழுதத் தொடங்கினாள்: விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவது, இரண்டு வேளைக்கு டப்பா கட்டுவது, ரேஷன் கடை, மின்சாரக் கட்டணம், பையனுக்குக் கணக்குப் பாடம், என் தாயாருக்கு மருந்து, இராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடியும் தோசைக்கல்.

"நான் ஊரில் இருக்கும்போதும் இவற்றில் முக்கால்வாசியை நீதானே செய்துவந்தாய்?"

"ஆமாம். ஆனா நீங்க செய்வீங்கன்னு நெனைச்சுக்கிட்டே செஞ்சேன்."

தமக்கை பிள்ளை இந்தச் சமயம் பார்த்து இன்னொரு ஆராய்ச்சியைக் கொண்டுவந்தான். 2004-ல் டேனியல் கானமன் முதலான அறிஞர்கள், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தின நாளில் செய்த காரியங்களையும் ஒவ்வொன்றிலும் அடைந்த மகிழ்ச்சியையும் கேட்டறிந்ததில், காலையில் வேலைக்குப் போகும் பிரயாணமே எல்லாவற்றிலும் கடைசி ஸ்தானம் பெற்றதாம். "போகிற பெண்களைக் கேட்டாங்க சரி," என்றாள் அவள், "அனுப்பிவைக்கிறவங்களைக் கேட்டாங்களா?" பையன் வெகுநேரம் கைப்பேசியைத் தடவினான். அப்படி ஒரு கேள்வி அவனுக்கு அகப்படவில்லை.

பிறகு நடந்தது பேரம். மண்டியில் நான் பார்த்த நெல் வியாபாரிகள் எவரும் அவளுக்கு ஈடாக மாட்டார்கள். காலைக் காப்பியை நானே போட்டுக்கொள்வது. மாவு அரைப்பது இராத்திரியில் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் நான் அபிப்பிராயம் சொல்லாதிருப்பது. மண்டிச் சம்பளத்துக்கு மேற்பட்ட தொகையில் பாதியைத் தபாலாபீஸில் அவள் பெயரில் கட்டுவது. கடைசி ஷரத்துக்கு நான் ஆட்சேபம் சொல்ல வாயெடுத்தபோது, "பேசின் பிரிட்ஜுக்கு மட்டும் பத்து மடங்கு போட்டீங்களே" என்றாள். ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் சென்னைக்குச் சம்மதக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு, அப்படியே இருவரும் ரயில் நிலையத்துக்குப் போனோம். போட்டோ ஒட்டிய அடையாள அட்டைக்காக முகத்தைக் காட்டிய பிறகு, கவுண்டரிலிருந்தவர், "ஒரு மாசமா, மூணு மாசமா?" என்று கேட்டார். எதற்கும் பின்வாங்க ஒரு வழி இருக்கட்டும் என்று எண்ணி, "ஒரு மாசம்" என்றேன். மாமா சொல்லியோ, தானே விசாரித்தோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால் மாதக் கட்டணத்தைப்போல் 2.7 மடங்குதான் ஆகிறது என்பதை அவள் தெரிந்துவைத்திருந்தாள்.

"மூணு மாசத்துக்கே குடுங்க" என்று எனக்குப் பின்னாலிருந்து பணம் நீண்டது. கவுண்டர்காரர் என்னைக் கலந்தாலோசிக்கவில்லை; டிக்கெட்டை என்னிடமும் மீதிச் சில்லறையை அவளிடமும் கொடுத்தார்.