ஓர் அங்குலம் குறைவு

ஹூஸ்டனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே மீன் கடை இருக்கிறது. கேட்ட கனத்தில் வெட்டி, கழுவித் தருவார்கள். இருந்தும் நான் எட்டாம் நம்பர் ஃப்ளை ராடு என்கிற தூண்டில் ஒன்றை வாங்கினேன். விலையில் பாதியைத்தான் மனைவியிடம் சொன்னேன். அந்தப் பாதிக்கே அன்று ராத்திரி வெறும் ரசம்.

"நம்ம கடல்ல பிடிச்ச இந்த மீன் கடையில கிடைக்காதும்மா" என்பது என் வாதம். பொய்யில்லை. எண்பதுகளில் நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் புருதோம், ரெட்ஃபிஷை வெண்ணெயில் தோய்த்து, மசாலா புரட்டி, இரும்புச் சட்டியில் கருகக் கருகச் சுட்டுப் போட்டார். நாடே அந்த ருசிக்குப் பின்னால் ஓட, வளைகுடாவில் மீன் அருகியது. டெக்சாஸ் மட்டும் முன்பே உஷாராகி, 1981லேயே தன் கடலில் பிடித்த ரெட்ஃபிஷை விற்கத் தடை போட்டுவிட்டது. அந்தக் கடல் மீனைத் தின்ன ஆசையென்றால் நாமே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த வரலாற்றை நான் சொல்லி முடிப்பதற்குள், தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த மாமியார் குழம்புக்குத் தேங்காய் அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார்.

விடியும்போது ராக்போர்ட் கடற்கரையில் இருந்தோம். முழங்கால் ஆழத் தண்ணீர். கூட வந்த மீன்பிடி வழிகாட்டி கைகாட்டிய இடத்தில், கரும்புள்ளி வைத்த செம்பு நிற வால் ஒன்று தண்ணீருக்கு மேலே ஆடியது. தலையைக் கீழே விட்டு நண்டு தேடுகிறதாம். நம் கத்தாளையின் குடும்பம்தான் இதுவும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்கச் சொன்னார். மணலில் திருக்கை புதைந்து கிடக்குமாம். மகள் இதைத் தமிழில் சொன்னதும் கரையில் மடக்கு நாற்காலியில் இருந்த மாமியார் நிமிர்ந்தார்.

"திருக்கையா? அதையே ரெண்டு பிடிங்க மாப்பிள்ளை. பூண்டு தட்டிப் போட்டா நல்லாருக்கும்."

மற்றத் தூண்டில்களில் ஈயக்குண்டு நூலை இழுத்துப் போகும். இதில் நூலின் கனம்தான் ஃப்ளை என்கிற இத்துனூண்டு போலி இரையைச் சுமக்க வேண்டும். பின்னால் வீசி, நூல் முழுக்க நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் தள்ள வேண்டும். பொறுமை எனக்கும் கிடையாது, அங்கே வீசிய தென்கிழக்குக் காற்றுக்கும் கிடையாது. முதல் வீச்சில் என் தொப்பி மாட்டியது. அடுத்ததில், பின்னால் பாதுகாப்பாக நிற்பதாக நம்பிக்கொண்டிருந்த மனைவியின் தொப்பி. "நல்ல தூரம்" என்றார் வழிகாட்டி. திசையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

ஒரு மீன் நிஜமாகவே கவ்வியது. அப்போது ராடைத் தூக்கக் கூடாது, கையால் நூலை வெடுக்கென்று இழுக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் தேர் வடம் பிடித்தவன்போல் உடம்பையே சாய்த்து ராடைத் தூக்கினேன். ஃப்ளை வந்தது.

மகள் ராடை வாங்கினாள், வீசினாள், பிடித்தாள். அவ்வளவுதான். 17 வயது ஆகாதவர்களுக்கு உரிமம்கூட வேண்டாம். பணம் கட்டி உரிமம் எடுத்தவன் மீனைப் போட்டோ எடுத்தான்.

வழிகாட்டி வாலைக் குவித்துப் பிடித்து அளந்தார். 19 அங்குலம். 20க்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும்.

"ஒரு இஞ்சுதானே? சட்டியில போட்டா எப்படியும் சுருங்கத்தானே போகுது" என்றார் மாமியார். இதை வழிகாட்டிக்கு மொழிபெயர்க்க மகள் மறுத்துவிட்டாள். மீன் போய்விட்டது.

ஆகவே டெக்சாஸ் வாசகர்களே, வீட்டுக்குக் கொண்டுவரத்தக்க ரெட்ஃபிஷின் நீளம் 20 முதல் 28 அங்குலம். ஒருவருக்கு நாளைக்கு 3. தேங்காய் அரைப்பதற்கு முன்பே வீட்டில் இதைச் சொல்லிவிடுங்கள்.