பிழை சொல்லும் சபை

கேள்வி: உண்மையைத் தனியொருவரே கண்டறியலாமே, ஆராய்ச்சிக்குச் சங்கம் எதற்கு? (வாசகர், ஹட்டன்)

பதில்: மலையில் கிள்ளிய தேயிலைக் கொழுந்து எத்துணை இளசாயினும், முற்றிலை பொறுக்கப்பட்ட பின்னரன்றோ தொழிற்சாலைக்குச் செல்கிறது? தனியொருவர் கண்ட முடிவும் அவ்வாறே பிறரால் ஆராயப்படல் வேண்டும். 1964ஆம் ஆண்டு புதுதில்லியில் தனிநாயகம் அடிகளார் முதலிய அறிஞர்கள் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவி, 1966இல் கோலாலம்பூரில் அதன் முதல் மாநாட்டைக் கூட்டியபோது, பிறநாட்டு அறிஞரும் உடனமர்ந்து வினவும் அச்சபையில், மொழிப்பற்று எவ்வளவு மேன்மையாயினும் சான்றே பிரமாணமாக வேண்டியிருந்தது. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை அரும்பாடுபட்டுத் திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களின் வழியே இன்று ஆராயப் புகும் நம் இளைஞரும், எந்தத் தோட்டத்து லயக் குடியிருப்பில், எவர் வாய்மொழியாக, எப்போது கேட்டது என்று குறித்துவைத்து, அதனை அறிஞர் அவையில் துணிந்து வைத்தல் வேண்டும். புகழ்ந்துரைக்கச் சுற்றத்தார் போதும். பிழை காட்டித் திருத்தவே சங்கம் வேண்டும்.