நாற்பத்தொன்பதாவது மணி நேரத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
நாற்பத்தொன்பதாவது மணி நேரத்தின் பொறுப்பு அதிகாரி அவர்கள்,
மக்கள் நல்வாழ்வுத் துறை, சென்னை.

ஐயா,

முதல் 48 மணி நேரத்துக்கு அதிகாரி இருக்கிறார். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் சாலை விபத்துக்கான இலவசச் சிகிச்சைத் திட்டம் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ தொடங்கியதிலிருந்து அவரைக் கும்பிட்டு வருகிறோம். அடுத்த மணிக்கு யார் என்று விசாரித்ததில் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு பதவியே இல்லையென்றால், இந்தக் கடிதத்தை அதற்கான முன்மொழிவாக வைத்துக்கொள்ளவும்.

திருப்பூரில் பவர்டேபிள் ஓட்டுகிற எட்டுப் பேர் நாங்கள். கடைசியாகச் சேர்ந்தவன் பத்தொன்பது வயது ஒடிசாப் பையன், ஓவர்லாக். நைட் ஷிப்ட் முடிந்து பல்லடம் ரோட்டில் சைக்கிளில் வந்தவனை ஒரு சரக்கு வேன் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. எந்த ஊர், ரேஷன் கார்டு உண்டா என்று ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் கேட்கவில்லை. திட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது, எழுதியவருக்குப் புண்ணியம். உயிர் நின்றது.

கோளாறெல்லாம் எலும்பிடம்தான். காலுக்கு வெளியே கம்பி மாட்டிய டாக்டர், புண் ஆறினால்தான் உள்ளே ராடு வைக்கலாம், வாரக்கணக்கில் ஆகும் என்றார். அரசாணை இருக்கிறது என்று எலும்புக்கு எடுத்துச் சொன்னோம். கேட்கவில்லை.

கெடு என்றால் என்னவென்று எங்களுக்கும் தெரியும். கப்பலைத் தவறவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்பு, செலவு உன் தலையில் என்பதுதான் இந்த ஊர்ச் சட்டம். ஆனால் தாமதம் சாயப்பட்டறையாலா பிரிண்டிங்காலா என்றாவது ஒரு வார்த்தை கேட்பார்கள்.

48 முடிந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் தொடரலாம். வெளிமாநிலத்தவருக்கும் அட்டை உண்டு, இங்கே ஆறு மாதத்துக்கு மேல் இருந்திருந்தால். இவன் வந்து நாலு மாதம். இன்னும் ரெண்டு மாதம் பொறுத்து அடிபட்டிருக்கலாம். சின்னப் பையன், விவரம் போதாது. ஈ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேர் வேண்டும், நாங்கள் எட்டு. மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்று தெரியாவிட்டால், பலத்த காயத்துக்கு ஐம்பதாயிரம் என்று 2022 ஏப்ரலிலிருந்து மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. அதிலும் மண். டீக்கடைக்காரர் நம்பர் பிளேட்டில் பாதியைப் படித்துத் தொலைத்துவிட்டார். பாதி தெரிந்தால் தெரிந்த வண்டியா, தெரியாத வண்டியா என்பது இன்னும் முடிவாகவில்லை.

அரசு மருத்துவமனைக்கு மாற்றலாமே என்பீர்கள். அங்கே காசில்லை, தெரியும். ஆனால் பாதி தைத்த பீஸை வேறு யூனிட்டுக்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதும் தையல்காரனுக்குத் தெரியும். ஆறாத புண்ணோடு அவனை அசைக்க டாக்டருக்கும் மனசில்லை.

ஆகவே வசூல். எஸ்டிமேட் 1,40,000 ரூபாய். சனிக்கிழமை சம்பளம் போடும் நேரத்தில் செக்கிங் டேபிள் மேல் ஒரு அட்டைப்பெட்டி, பக்கத்தில் கோடு போட்ட நோட்டு. அக்கம்பக்கத்து யூனிட்டுகளுக்கும் சொல்லிவிட்டோம். அயர்ன் மாஸ்டர் ஒரு ஷிப்ட் சம்பளத்தை அப்படியே போட்டார். ரூபாய்த் தாள்களைக் கட்டிங் வேஸ்ட்டால் முடிந்து, பீஸ் பண்டல் போலவே நம்பர் போட்டு அடுக்கியிருக்கிறோம். தணிக்கைக்கு எப்போதும் தயார். இதுவரை 61,350. கைமடிக்கிற அக்கா நூறு ரூபாயைப் போட்டுவிட்டு, “பேரெல்லாம் எதுக்குங்க? திருப்பியா கேக்கப் போறேன்?” என்று போய்விட்டார். அந்த வரியில் பெயர் காலி.

அதற்கு அடுத்த வரியில் தங்கள் பதவிப் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம். பேனாவால் எழுதுவதா, அழிப்பதா என்பதை வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் தெரியப்படுத்தவும். கெடு நீட்டிக்கப்பட மாட்டாது.

இப்படிக்கு,
எட்டுப் பேரில் ஏழு பேர்,
திருப்பூர்.