1200-க்கு எத்தனை?

பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானம், வெள்ளைச் சட்டைக்கெல்லாம் நீல மை அபிஷேகம். இரண்டு வருஷமாக ரெகார்டு நோட்டுக்குச் சொட்டு மை செலவழிக்காதவன்தான் அன்றைக்கு முழு பாட்டிலோடு வந்தான்.

அதற்கு முன்பே ஆட்டோகிராஃப் நோட்டு வகுப்பைச் சுற்றி வந்திருந்தது. தவளையை அறுக்கும்போது மயங்கி விழுந்தவன் லட்சியம் டாக்டர் என்று எழுதினான். (எங்கள் கடைசி பெஞ்சில் மட்டும் நாலு கலெக்டர்கள்.) என் காம்பஸ் பாக்ஸை வாங்கிப் போனவன், "உன்னை என்றும் மறவேன்" என்று எழுதியிருந்தான். பாக்ஸைத்தான் மறந்துவிட்டான்.

பிரிவு விழாவில் ஒருத்தன் 1963-இல் வந்த 'இரத்தத் திலகம்' படத்துப் பாட்டைப் பாட, எங்களை முட்டி போட வைத்தே வருஷத்தை ஓட்டிய கணக்கு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உருகிப்போனோம். மறுநாள் டெஸ்ட் வைத்தார்.

அப்போது மொத்தம் 1200 மார்க். இப்போதுபோல 600 இல்லை. வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கு எல்லாருமே ஆயிரத்துக்கு மேல் வாங்கியவர்கள். மார்க் ஷீட்டைப் படம் எடுத்துப் போடச் சொன்னேன். இரண்டு நாளாக ஒரு குட் மார்னிங்கூட வரவில்லை.