ஆளே விழாத படங்கள்

1978 பொங்கலுக்கு மாமா இரவல் கொடுத்த ஆக்ஃபா கிளிக் த்ரீ கேமராவில் ஒரு 120 ரோலுக்குப் பன்னிரண்டு படம். குடும்பத்தை எடுக்கச் சொல்லித்தான் என்னிடம் தந்தார்கள். மூன்றைக் குடும்பத்துக்கு ஒதுக்கிவிட்டு, மீதி ஒன்பதையும் தரங்கம்பாடிக் கடற்கரையில் செலவழித்தேன்.

மாயவரத்தில் ரோலைக் கழுவிய ஸ்டுடியோக்காரர் மூன்றுக்கு மட்டும் பிரிண்ட் போட்டார். "ஒம்போது வீணாப் போச்சு தம்பி. ஆளே விழல" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். அப்பா அடிக்கவில்லை. "கடல் எங்கடா ஓடியா போயிடப்போவுது? அதப் போயி போட்டோ புடிச்சிட்டு வந்திருக்கான்" என்றார். அம்மா எனக்காகப் பரிந்து பேசியிருப்பாள். மூன்று படத்திலும் அவள் தலை பாதிதான் விழுந்திருந்தது.

இப்போது ஒரு விடியலுக்கு நானூறு படம் எடுக்கிறேன். தேறுவது ஒன்று, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அன்று ஆள் விழாதது குற்றம். இன்று ஆள் விழாமல் டேனிஷ் கோட்டையை எடுப்பதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. 1620ல் கட்டிய சுவருக்கு முன்னால் ஒவ்வொருவராக வந்து உதட்டைக் குவிக்கிறார்கள்.

இதற்கென்றே ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். என்.டி. ஃபில்டர் என்று பெயர். லென்ஸ் முன்னால் மாட்டி முப்பது விநாடி திறந்துவைத்தால் அலையெல்லாம் கரைந்து கடல் பால் மாதிரி ஆகிவிடும்; நடந்து போகிறவர்களும் மறைந்துவிடுவார்கள். செல்ஃபி எடுப்பவர்கள் மட்டும் அசையாமல் நிற்பதால் அழுத்தமாக விழுந்துவிடுகிறார்கள். தரங்கம் என்றால் அலை. அந்தப் பெயர் கொண்ட ஊரில் பிறந்துவிட்டு, அலையை அழிக்க முப்பதாயிரம் ரூபாய்க்குக் கண்ணாடியும் ஸ்டாண்டும் வாங்கியவன் நான்.

அப்பா சொன்னதில் பாதி சரி. கடல் ஓடிப்போகவில்லை, மேற்கே வந்தது. 2004 சுனாமியைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அந்த வாரம் நான் கேமராவைத் தொடவே இல்லை. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கடல் மாசிலாமணிநாதர் கோயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், 1306ல் கட்டியது.

போன ஆடியில் அந்த ஒன்பது நெகட்டிவையும் ஸ்கேன் செய்தேன். ஏழில் பூஞ்சை. தப்பிய இரண்டில் ஒன்று இந்தக் கோயில். கிழக்கே, சரிந்து கிடந்த செங்கல்லையும் தாண்டி, மணலில் நின்று எடுத்தது. நான் நின்ற இடத்தில் இப்போது தண்ணீர். அதற்கு இப்பால் அரணாகக் கொட்டிய கருங்கற்கள்.

ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கிப்போவது இந்த ஒரு படத்தைத்தான். என் நாற்பது வருஷத்துப் பால்கடல்களை யாரும் கேட்டதில்லை.

பெரிதாக்கித் தேடிப் பார்த்தேன். ஸ்டுடியோக்காரர் சொன்னது சரி, ஆள் விழவில்லை. வலது ஓரத்தில் ஒரு ஆடு நிற்கிறது, பின்பாதி மட்டும்.