டொக்கும் தொம்மும்

பழைய மாடிவீட்டை முதன்முதலாக வாங்கியவரை அடையாளம் காணப் பத்திரமோ பட்டாவோ பார்க்க வேண்டியதில்லை. வலது கை நடுவிரல் முட்டியைப் பார்த்தால் போதும், சுண்ணாம்பு அப்பியிருக்கும்.

எந்தச் சுவரைக் கண்டாலும் தட்டுவார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். ‘டொக்’ என்றால் சுவர் கெட்டி. ‘தொம்’ என்றால் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்துவிட்டது, நடுவில் இருப்பது காற்று. இதில் பொய் ஒன்றும் இல்லை. கட்டடப் பொறியாளர்களும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்துத்தான் எங்கே விட்டிருக்கிறது என்று குறிக்கிறார்கள். ஆனால் அவர்கள் கூப்பிட்ட வீட்டில் மட்டும் தட்டுவார்கள்.

நான் கீழ் போர்ஷனில் வாடகைக்கு இருப்பவன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பொதுவாக எழுதியது என்று நினைத்துக்கொண்டு ஊரில் உள்ள மாடிவீட்டுக்காரர்கள் எல்லாரும் வருத்தப்படுவார்கள். எல்லாரும் வருத்தப்பட வேண்டாம். ஒருவர் பட்டால் போதும்.

கல்யாண மண்டபத்தில் மேடைத் தூணைத் தட்டினார். அது தெர்மகோல். ‘தொம்’ என்று வந்ததும் பெண்ணின் அப்பாவைத் தனியாக அழைத்துப் போய், “உள்ள ஒண்ணுமே இல்ல சார்” என்றார். பெண்ணின் அப்பா மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறாரோ என்று ஒரு நிமிடம் ஆடிப்போய்விட்டார். துக்கம் கேட்கப் போன வீட்டில் சுவர் ஓரமாக உட்கார்ந்தவர், கை சும்மா இருக்காமல் பின்பக்கமாகத் தட்டி, இறந்தவரின் மகனிடம் மிகத் தாழ்ந்த குரலில் விசாரித்தார். எப்படிப் போனார் என்று கேட்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். “ஓதம் எப்பலேர்ந்து ஏறுது?” என்று கேட்டிருக்கிறார். குடும்பத்தோடு திருநெல்வேலி போய் வந்தார். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களை ஊரே காது குளிரக் கேட்டுவிட்டு வரும். இவர் திரும்பி வந்து என்னிடம் சொன்னது: “நாலு தூணுல சத்தம் மாறுது சார். யாரும் கண்டுக்க மாட்டேங்கறாங்க.”

மருத்துவர்கள் மார்பையும் முதுகையும் விரலால் தட்டிப் பார்க்கிறார்களே, அந்த முறையை 1761இல் முதன்முதலாக எழுதி வெளியிட்டவர் லியோபோல்ட் ஆவன்புருக்கர் என்ற ஆஸ்திரிய வைத்தியர். அவருடைய அப்பா சத்திரம் நடத்தியவர். மதுப் பீப்பாயைத் தட்டித்தான் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். பிள்ளை அதை மனித உடம்புக்குக் கொண்டுபோனார். எங்கள் மேல்வீட்டுக்காரர் அதைத் திரும்பவும் சுவருக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஒரே வித்தியாசம், வைத்தியர் தட்டிய பிறகு மருந்து கொடுப்பார்.

இவர் கொடுக்கமாட்டார். தட்டுவதற்குக் காசு கிடையாது. உடைத்தால்தான் காசு. முத்திரைத்தாளுக்கு 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், புரோக்கருக்குத் தனி, வங்கிக்காரன் பிராசஸிங் என்று பிடித்தது தனி. எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டவர், வாங்கிய பிறகு வீட்டுக்கென்று ஏதாவது ஆகும் என்று ஒரு ரூபாய் ஒதுக்கவில்லை. 1979இல் கட்டிய வீடு என்று பத்திரத்திலேயே இருக்கிறது. அதையும் படித்திருக்கிறார். “பழைய ஓனர் புதுசா பெயின்ட் அடிச்சுக் குடுத்தான் சார், நல்ல மனுஷன்” என்று முதல் மழைவரை சொல்லிக்கொண்டிருந்தார். முதல் மழைக்குப் பிறகு அந்த மனுஷனைப் பற்றி அவர் சொல்வதை இங்கே அச்சிட முடியாது.

வெளியாட்களிடம் மட்டும் பெருமை குறையாது. “அந்தக் காலத்துக் கட்டடம். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணில சுண்ணாம்பு குழைச்சுக் கட்டினது” என்பார். அப்படிக் கட்டியதெல்லாம் மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் இருக்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள். மர உத்தரம், அதன் மேல் குத்துக்கல்லாக அடுக்கிய செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்தது. எங்கள் வீடு சாதாரண சிமென்ட் கான்கிரீட். கடுக்காயைக் கண்ணாலும் பார்த்திராது.

கான்கிரீட்டுக்கும் அவரிடம் விளக்கம் உண்டு. நான் ஆபீசுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு சொல்வார். கான்கிரீட்டில் காரத்தன்மை இருக்கிறவரை உள்ளே கம்பிக்குப் பாதுகாப்பு. வருஷக்கணக்கில் காற்றிலிருக்கும் கரியமில வாயு உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். கூடவே தண்ணீரும் கசிந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாமல் கான்கிரீட்டைக் கீழே தள்ளும். “அதான் சார் உங்க ஹால்ல விழுந்தது!” என்று முடிக்கும்போது அவர் முகத்தில் ஒரு வெற்றி தெரியும். விளக்கத்தில் தப்பே சொல்ல முடியாது. விழுந்தது என் பையனின் கணக்கு நோட்டின் மேல். பையன் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தான். நான் அதைச் சொன்னேன். அவர் விழுந்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, சாம்பிளுக்கு என்று மாடிக்கு எடுத்துப் போய்விட்டார். அது இன்னும் அவர் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. என் ஹாலில் கம்பி தெரிகிறது.

மேஸ்திரிகள் வராமல் இல்லை. வந்தார்கள். மேஸ்திரி என்று யார் வந்தாலும் முதல் வசனம் ஒன்றுதான்: “யார் சார் இந்த வேலை செஞ்சது?” செய்தவர் இந்நேரம் உயிரோடு இருப்பாரா என்பதே சந்தேகம், ஆனாலும் அவருக்கு அர்ச்சனை நடக்கும். “வாட்டமே வெக்கல பாருங்க. தண்ணி எங்க போகும்? நானி ட்ராப்புக்குப் போகாம சைடுல இறங்குது.” ஒருவர், மேலே நாலு இடத்தில் கிரௌட் அடித்தால் போதும், 12 ஆயிரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார். அடுத்தவர், பாத்ரூம் தரையை மொத்தமாகப் பேர்த்து, உள்ளே ஊறிப்போன ஜல்லியை அள்ளிக் கொட்டிவிட்டு, ஜிஐ பைப்பை எல்லாம் உருவிப் பிளாஸ்டிக் லைன் போட்டு, வாட்டர் புரூஃபிங் பூசி, இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்து அப்புறம்தான் டைல்ஸ் என்றார், 85 ஆயிரம். அவர் சொன்னதுதான் வேலை, அது எனக்கே தெரிந்தது. மூன்றாமவர் சுற்றிப் பார்த்துவிட்டு, “சொன்னா கோச்சுக்காதீங்க சார், இதை இடிச்சுட்டு ஃபிளாட்டுக்குக் குடுத்துடுங்க” என்று மச்சான் கார்டை நீட்டினார். நம்மவருக்கு எந்த விஷயத்திலும் சராசரி எடுப்பது வழக்கம். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கப் போனார். இடிக்கச் சொன்னதை எந்தத் தொகையாகக் கூட்டுவது என்று தெரியாமல் நின்றுபோனார். அதோடு அந்த வருஷத்துக்கான ரிப்பேர் முடிந்தது.

இதற்கிடையில் என் பாத்ரூமில் சொட்டிக்கொண்டிருந்தது. மேல்வீட்டார் குளிக்கும்போதெல்லாம் கீழே நான் நிற்கும் இடத்தில் சொட்டும். அது என்ன தண்ணீர் என்று யோசிப்பதை விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. ஒரு சொட்டை உள்ளங்கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். “சோப்பு வாசனை வருது. அப்ப வேஸ்ட் லைன்தான். டாய்லெட் லைன் இல்ல, கவலைப்படாதீங்க” என்று ஆறுதல் சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். எந்த மூலையிலிருந்து இறங்குகிறது என்று உறுதி செய்ய வேண்டுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடி பாத்ரூமின் ஓட்டைகளை எல்லாம் துணி வைத்து அடைத்து, ஒரு டப்பா மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டார். எனக்குச் சொல்லவில்லை, சொன்னால் சோதனை சுத்தமாக இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ. நான் குளித்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் நீராட்டு முடிந்து துண்டோடு வெளியே வந்தால், வாசலில் அவர் நிற்கிறார். என் தலையைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். “சக்சஸ் சார்!” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கதவு மூலை ஜாயின்ட் என்று கண்டுபிடித்துவிட்டார். நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். ஜாயின்ட் அப்படியே இருந்தது. என் தோள் இரண்டு நாள் மஞ்சளாக இருந்தது.

ஒருநாள் கொஞ்சம் குரல் உயர்த்திக் கேட்டேன். உடனே சட்டம் பேசினார். வாடகைச் சட்டம் ஒன்று 2017இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டு 2019இல் அமலுக்கு வந்தது. யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று அதிலே ஓர் அட்டவணையே உண்டு. குழாய்க்கு வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பாடு. அந்த வரியை அவர் மனப்பாடமாகச் சொன்னார். அதே அட்டவணையில் அதற்கு மேலேயே, கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பாடு என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை அவர் தட்டிப் பார்க்கவில்லை.

ஆனாலும் அவரை முழுசாகக் கோபிக்க முடியாமல் ஒரு விஷயம் தடுக்கிறது. அவர் வீட்டு ஹாலில் சுவாமி படம் தரையில் சாய்த்து வைத்திருக்கும். காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். கடிகாரம் ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருக்கும். ஏன் என்று அவர் மனைவியிடம் என் மனைவி கேட்டாள். “முப்பது வருஷம் வாடகை வீட்டுல இருந்தோம். ஒரு ஆணி அடிக்க விடமாட்டாங்க. சொந்த வீடு வாங்கினா நாலு சுவரும் ஆணியா அடிப்பேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. இப்ப ஆணியை வெச்சு சுத்தியலை ஓங்குவாரு, அப்புறம் சுவரைத் தட்டிப் பாத்துட்டு இறங்கிடுவாரு” என்றாராம் அந்த அம்மாள். பிராவிடண்ட் ஃபண்ட் முழுக்கப் போட்டு வாங்கிய சுவர். ஆணி அடித்தால் பூச்சு எவ்வளவு தூரத்துக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்?

மழை நாளில் ராத்திரி மொட்டைமாடியில் டார்ச் வெளிச்சம் அலையும். வடிகுழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று துடைப்பக்குச்சியால் குத்திக்கொண்டிருப்பார். கைப்பிடிச் சுவர் விரிசலில் காக்கை எச்சத்தால் முளைத்த அரசங்கன்று ஒன்று. அரச மரத்தை வெட்டக்கூடாது என்று அவர் அம்மா. வெட்டாவிட்டால் வேர் சுவரைப் பிளக்கும் என்று இவர். இரண்டு பேருக்கும் நடுவில் அது இரண்டடி வளர்ந்துவிட்டது. மழையில் நனைந்துகொண்டு அதன் பக்கத்தில் அவர் நிற்பதைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும். கீழே வந்து நம் பாத்ரூமில் நின்றால் அந்தப் பாவம் போய்விடும்.

கடைசியில் வேலை ஆரம்பித்தது. காரணம் நான் இல்லை, சட்டம் இல்லை. அவர் மச்சினர் வந்தபோது டாய்லெட் கோப்பை லேசாக ஆடியது. மச்சினர் சிரித்துவிட்டார். மறுநாளே 85 ஆயிரம் மேஸ்திரி சித்தாளோடு வந்து இறங்கி மாடி பாத்ரூமைப் பேர்த்துப் போட்டார். மூட்டை மூட்டையாகக் கழிவு கீழே வந்து என் வண்டி நிறுத்தும் இடத்தில் குவிந்தது. மூன்றாம் நாள் மேஸ்திரி ஊரில் திருவிழா என்று கிளம்பிப் போனார். திருவிழா முடிந்து ஊர் திரும்பிவிட்டது, மேஸ்திரி திரும்பவில்லை. போன் அடிக்கிறது, எடுப்பதில்லை.

அதுவரை மேல்வீட்டார் எங்கே குளிப்பது? அவர், மனைவி, அம்மா, கல்லூரி போகும் மகன், நாலு பேரும் காலையில் துண்டும் வாளியுமாகப் படி இறங்கி எங்கள் வாசலில் நிற்கிறார்கள். அவர் அம்மாவுக்கு முதல் முறை. மகனுக்கு எட்டு மணி காலேஜ் பஸ். என் முறை வரும்போது டேங்க்கில் தண்ணீர் இருப்பதில்லை. வீட்டுக்காரர் குடியிருப்பவர் பாத்ரூமில் குளித்தால் வாடகையில் கழிக்கலாமா என்று அந்த அட்டவணையைப் புரட்டிப் பார்த்தேன். அதை எழுதியவர்களுக்கு இப்படி ஒன்று தோன்றியிருக்கவில்லை.

நேற்று உள்ளே போனவர் நெடுநேரம் வரவில்லை. தண்ணீர் சத்தம் இல்லை, தட்டுகிற சத்தம்தான் கேட்டது. மேலே குழியில் தேங்கிய தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. நனைந்த தலையைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார்.

“என்ன சார், நடு மண்டையில சொட்டுது!” என்றார் நிஜமான கவலையோடு. “இத்தனை நாளா சொல்லவேயில்லையே?”