வம்சாவளி மாமா

வேதாரண்யத்தில் எந்தக் கலியாணத்துக்குப் போனாலும், பந்தியில் நமக்கு அடுத்த இலையில் வந்தமர்ந்து, ரசம் வருமுன்னே வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, சுண்ணாம்பு படிந்த ஒரு பென்டிரைவை எடுத்து வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "தம்பி, சிங்கப்பூர்க்காரன் அனுப்பினது எல்லாம் கேள்விக்குறியா இருக்கு, ஒரு நடை வந்து பாரு" என்கிற வம்சாவளி மாமாவை உங்களுக்கும் தெரியும்.

மாமாவிடம் இருப்பது ஒரு வம்சாவளிப் புரோகிராம்; சிங்கப்பூர் மருமகனிடம் இருப்பது வேறு. இரண்டுக்கும் துவிபாஷியாக நிற்பது, மார்மன் திருச்சபையார் 1984-ல் வெளியிட்ட ஜெட்காம் என்னும் கோப்பு வகை. அதன் பழைய எழுத்து வரிசையில் தமிழுக்கு ஸ்தானமில்லை; அதனால்தான் அந்தக் கேள்விக்குறிகள். யூனிகோடையே கட்டாயமாக்கிய 7.0 பதிப்பு 2021-லேயே வந்துவிட்டதென்று சொன்னால், "பழசுதான் கைக்குப் பழகினது" என்பார்.

கேள்விக்குறிகளையாவது மன்னிக்கலாம், மாமாவின் பரம சந்தோஷமான இணைப்பு வைபவத்தைத்தான் மன்னிக்க முடியாது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் சம்பிரதாயம். இரண்டு கோப்புகளையும் ஒன்றாக்கும்போது, ஒரே பெயரைக் கண்டு மயங்கிய புரோகிராம் "இவ்விருவரும் ஒருவரா?" என்று விநயமாகக் கேட்க, அதைப் படிக்கும் பொறுமையற்ற மாமா, வந்த கேள்விக்கெல்லாம் "ஆம்" என்று தட்டிவிடுகிறார். 1930 ஏப்ரலில் ராஜாஜியின் உப்புச் சத்தியாகிரகப் படைக்குச் சோறிடலாகாதென்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் தடை போட்டிருந்தபோது, இருட்டில் மரக்கிளையில் சோற்று மூட்டை கட்டிவைத்தவர் என்று குடும்பம் பெருமைப்படுகிற பாட்டனார், இவ்விதமாக 1988-ல் சிங்கப்பூரில் பிறந்தவராகி, தம் மகனுக்கே மகனுமாகிவிட்டார். பிரித்துக் கொடுக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. மறுமாதம் புதிய கோப்பு வந்தது; மாமா மறுபடி இணைத்தார்.

ஆனாலும் விட்டுப்போன ஒரு சித்தப்பா பெயர் திரையில் தமிழாகத் தெரிந்த அன்று, மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதைப் பார்த்தபின் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை.

ஒன்றுதான் உறுத்துகிறது. அந்த வம்ச விருக்ஷத்தில் மூன்று தலைமுறைக்கு மேலே போனால் பெண்களுக்குப் பெயரே இல்லை. 'மனைவி', 'மனைவி', 'இரண்டாம் மனைவி' என்றே இருக்கிறது. இவற்றை எந்தப் புரோகிராமும் தின்னவில்லை, மாமா எழுதவேயில்லை. அந்தப் பெயர்களையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய 90 வயது அத்தை, அகஸ்தியன்பள்ளியில், மாமா வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கிறாள். இதுவரை மாமா போய்க் கேட்கவில்லை.